கையை எடு

வியாழக்கிழமை இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை பட்டன் எழுதுகிறேன். கடிதத்தை நலம் விசாரித்துத் தொடங்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும். நேற்று அப்பா உன்னோடு பேசியபோது துணி மடிக்கும் அறையின் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நீ அழுதது முழுக்கக் கேட்டது.

அக்கா, அப்பா கேட்ட காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. பாதியிலேயே இதை மடித்து ஒளிக்க வேண்டி வந்தாலும் இந்த ஒரு வரி உனக்கு வந்து சேர வேண்டும் என்று முதலிலேயே எழுதிவிட்டேன். நீ செய்த மோட்டார் பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. மோட்டார் தானே ஓடவில்லை.

குளியலறையில் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். என் அறைத் தாழ்ப்பாளை அப்பா கழற்றிவிட்டார். துருப்பிடித்துவிட்டது, புதிது போடலாம் என்றார். பதினோரு நாளாகியும் புதிது வரவில்லை. என் ஃபோனும் அவருடைய மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது. இங்கே குழாயைத் திறக்காமல் இருக்கிறேன். மேல்தொட்டி குறைந்தால் கீழே மோட்டார் ஓடும், ஓடினால் அவர் விழித்துக்கொள்வார். இப்போதெல்லாம் அந்தச் சத்தத்துக்கே காதைக் கொடுத்துப் படுத்திருக்கிறார்.

என் வகுப்புத் தோழியின் சித்தப்பா நாளை மாலை நீ இருக்கும் ஊருக்கு விமானம் ஏறுகிறார். பிறந்தநாள் வாழ்த்து என்று சொல்லி இதை அவள் அவரிடம் கொடுப்பாள். உன் பிறந்தநாள் எப்போது என்று அவளுக்குத் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு, நம் சலவைக் கடைக்கு ஹோட்டல் விரிப்புகள் நிறைய வந்திருந்தன. காலை ஆறு மணியிலிருந்து மூன்று மிஷின்களும் ஓடின. குழாய்களில் மண்ணாக வருகிறது என்று ஒரு வாரமாகவே அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். வெள்ளை விரிப்பில் காவி நிறம் ஏறினால் ஹோட்டல்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் கீழ்த்தொட்டியில் இறங்கிச் சேறு அள்ள வேண்டும் என்று அப்பா முடிவு செய்தார். இறங்கியது, நம் கடையில் இஸ்திரி போடும் மாமா.

மாமா இறங்கும் முன் ஒரு வார்த்தை கேட்டார். மெயினை அணைச்சுடலாமா முதலாளி என்றார். அப்பா மிஷின் பக்கம் கையைக் காட்டி, "மெயினை அணைச்சா மூணும் நின்னுடும்யா. மதியம் வண்டி வந்து நிக்கும். பெட்டியைக் கையில போட்டாச்சு, அது ஓடாது, நீ இறங்கு" என்றார். மாமா சிரித்துக்கொண்டே, "ஓடினா என் சட்டையும் சேர்ந்து அலசிடும்" என்றார். இதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அப்பா உள்ளே போய்விட்டார்.

அந்தப் பெட்டியை நீ மாட்டிய நாளிலிருந்து நம் வீட்டுப் பேச்சே வேறாகிவிட்டது, உனக்கு நினைவிருக்கும். சுவிட்சின் ஒரு பக்கம் 'தானே' என்றும் மறுபக்கம் 'கை' என்றும் நீ எழுதி ஒட்டினாய். தானே பக்கம் இருந்தால் மேல்தொட்டி குறைந்ததும் மோட்டார் ஓடும், நிறைந்ததும் நிற்கும். கை பக்கம் இருந்தால் நாமே போட்டால்தான் ஓடும். மேல்தொட்டிக்குள் தண்ணீர் மட்டம் பார்க்க நீ தொங்கவிட்ட மூன்று கம்பிகளும் சமையலறைக் கரண்டிக் காம்புகள் என்று அம்மா இன்னும் வந்தவர்களிடமெல்லாம் சொல்கிறாள். சுவிட்சைத் தானேக்கு மாற்ற வேண்டும் என்றால், நம் வீட்டில் யாரும் மாற்று என்று சொல்வதில்லை. கையை எடு என்போம். கடை மூடும்போது அப்பா மாடிப்படியிலிருந்து "கையை எடுத்துட்டு வா" என்று கத்துவதைக் கேட்டு, எதிர்வீட்டுக்காரர் யாருடைய கையை என்று ஒருநாள் கேட்டாரே.

மாமா கீழே வாளியில் சேறு அள்ளிக் கொடுப்பார். நான் கயிற்றை இழுத்து வாளியை வாங்கிக் கொட்டிவிட்டுத் திரும்ப இறக்க வேண்டும். அவர் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றார். "இந்தத் தண்ணி போனாத்தான் அடிச்சேறு வரும்" என்று இரண்டு முறை சொன்னார். அடுத்த வாளி மேலே வந்தபோது நான் தொட்டி விளிம்பில் கையை ஊன்றிக் குனிந்திருந்தேன். "பட்டன், கையை எடு" என்றார்.

வாளி என் விரலை நசுக்கிவிடும் என்பதற்காகத்தான் அப்படிச் சொன்னார், அக்கா. இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. அந்தத் தண்ணீரை மோட்டாரால் இறைக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். பெட்டி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. சுவிட்சைத் தானேக்குத் தள்ளினேன். காலையிலிருந்து மிஷின்கள் குடித்ததில் மேல்தொட்டி காலியாகியிருந்தது. மோட்டார் உடனே ஓடியது.

மோட்டார் வயரில் ஒரு பழைய இணைப்பு, டேப் சுற்றியது, தண்ணீருக்குள் கிடந்தது. அதன் வழியே மின்சாரம் தண்ணீரில் பாய்ந்தது. மாமா கத்தவில்லை. கயிறு தளர்ந்தது, அவ்வளவுதான். நான் அதை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவைக் கூப்பிட்டேன். ஓடி வந்தவர் முதலில் சுவிட்சைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சுவிட்சைக் கைக்குத் தள்ளிவிட்டு மெயினை அணைத்தார். மூன்று மிஷின்களும் நின்றன. அதன் பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டார். அதற்கு முன் மெல்லிய குரலில், "நீ இங்க இல்ல. மேல போ" என்றார்.

விசாரிக்க வந்த அதிகாரியிடம், "கையிலதான் சார் இருந்துச்சு, நீங்களே பாருங்க. தானே ஓடிடுச்சு" என்றார். யார் செய்த பெட்டி என்று அவர் கேட்டார். மூத்த பெண் படிக்கும்போது செய்தது, இப்போது வெளிநாட்டில் இருக்கிறாள் என்றார் அப்பா. பெட்டியைப் பற்றி அவளிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள் என்று அதிகாரி சொன்னார். அவ்வளவு சுலபமாக அது உன் தலையில் வந்து விழுந்தது. நேற்று நீ, "பெட்டிக்குள்ள ரிலே சுவிட்ச் ஒட்டிக்கிச்சாப்பா, நான் நல்லதா வாங்கிப் போட்டிருக்கணும்" என்று அழுதபோது அப்பா, "இருக்கும்மா. உன்னை அங்க வந்து யாரு கேக்கப் போறாங்க" என்றார். நான் அப்போதே வெளியே வந்து சொல்லியிருக்க வேண்டும். கதவுக்குப் பின்னாலேயே நின்றேன்.

என்னைக் காப்பாற்றத்தான் இதெல்லாம் என்று நான் நம்பினேன். சின்னப் பெண், உன்னை இதில் இழுக்க விடமாட்டேன் என்று அவரே சொன்னார். சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். ஐந்தாம் நாள், ட்ரையரில் சேரும் பஞ்சைக் கொட்டப் போனேன். பஞ்சு டப்பாவுக்குள் ஒரு காகிதம் நான்காகக் கிழிந்து கிடந்தது. உன் கையெழுத்து. பெட்டிக்குக் கீழே நீ ஒட்டிய காகிதம்: 'தொட்டியில் இறங்கும் முன் மெயினை அணைக்கவும். கையில் போட்டால் போதாது.' இரண்டாவது வரிக்கு நீ சிவப்பில் கோடு போட்டிருந்தாய்.

அதை ஒட்டி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பத்திரமாக வை. நான் செய்தது தப்பு. யார் கேட்டாலும் சொல்வேன். ஆனால் மெயின் அணைந்திருந்தால் நான் அந்தச் சுவிட்சை நூறு தடவை தள்ளியிருந்தாலும் மாமாவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அப்பாவுக்கும் இது தெரியும். தெரியாமலா கிழித்தார்.

மறுநாள் உன் பெட்டியும் சுவரில் இல்லை. நான்கு ஆணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறேன் என்றார் அப்பா. எங்கே என்று அம்மா கேட்டதும் வெளியே போய்விட்டார். கடையில் வாங்கிய புதுப் பெட்டி மாட்டியிருக்கிறார்.

இப்போது மோட்டார் ஓடியது. நான் குழாயைத் தொடவில்லை. யாரோ விழித்திருக்கிறார்கள். விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

வந்தது அம்மா. கதவைத் தட்டவில்லை. வெளியே நின்று மிகவும் மெதுவாக, "கதவுக்கு அடியில வெளிச்சம் தெரிஞ்சுது. துண்டை மடிச்சு வை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என்ன செய்கிறாய் என்று கேட்கவே இல்லை. அம்மாவுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை, அக்கா. துண்டை வைத்துவிட்டேன். இனி வேகமாக எழுதுகிறேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமைதான் மாமா ஆஸ்பத்திரியில் கண் திறந்தார். மாமா வீட்டு அத்தை அடுத்த நாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கடைக்கு வந்தார். முகம் வீங்கியிருந்தது, ஆனால் சிரித்தார். "பேச்சு இன்னும் தெளியலை. 'கையை எடு, கையை எடு'ன்னே அனத்துறாரு. வெந்த கையை டாக்டருங்க எடுத்துடுவாங்கன்னு பயப்படுறாரு போல, பாவம். எடுக்க மாட்டாங்கன்னு நானும் சொல்லிச் சொல்லிப் பாக்குறேன்" என்றார். நான் விரிப்புகளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். அப்பா அத்தைக்குத் தேநீர் கொடுத்தார். 

அத்தை போனதும் அப்பா என்னிடம் வந்து, முதல் முறையாகக் கேட்டார்: "அவன் உன்கிட்ட கீழ இருந்து என்ன சொன்னான்?" ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.  "நல்லது. ஒண்ணும் சொல்லல" என்றார்.

அன்றைக்கு மாலையிலிருந்து மாமா பக்கத்தில் அப்பாதான் இருக்கிறார். நீங்க பத்து நாளா தூங்கலை, வீட்டுக்குப் போங்க என்று அத்தையை அனுப்பிவிடுகிறார். பத்து மணிக்குமேல் யாரையும் உள்ளே விடமாட்டார்கள் என்பதால்தான் வீட்டுக்கு வருகிறார். பேச்சு எப்போது தெளியும், நடந்ததெல்லாம் நினைவுக்கு வருமா என்று டாக்டரிடம் கேட்டாராம். எவ்வளவு அக்கறை பார் என்று அத்தை எல்லோரிடமும் சொல்கிறார். இன்று சாப்பிடும்போது அப்பா இன்னொன்று சொன்னார். திங்கட்கிழமை மாமாவை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றப் போகிறாராம். தூரத்தில் இருக்கிறதாம், நல்ல இடமாம், ஆனால் வீட்டு ஆட்கள் கூட இருக்க முடியாதாம். அத்தை சரி என்று சொல்லிவிட்டாராம். உன் காகிதமும் திங்கட்கிழமைக்குள் வர வேண்டும் என்கிறார்.

அப்பா கெட்டவர் என்று நான் எழுதவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். ஆனால் இப்போது அவர் மாமா பக்கத்தில் உட்காருவதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஏன் என்று எழுத மாட்டேன். எழுதினால் அது உண்மையாகிவிடும் போலிருக்கிறது.

அத்தையின் எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீ சொன்னால் கேட்பார். உன்னைப் பற்றி எப்போதும் பெருமையாகப் பேசுவார். மாமாவை எங்கேயும் மாற்ற வேண்டாம் என்று சொல். உள்ளே விடும் நேரம் முழுக்க அவர் பக்கத்திலிருந்து எழுந்து போகக் கூடாது என்று சொல். காரணம் கேட்டால் என் பெயரைச் சொல்லிக்கொள். அவர் என்னை என்ன திட்டினாலும் பரவாயில்லை. மாமா பேசட்டும். பட்டன்தான் சுவிட்சைத் தள்ளினாள் என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். அதைக் கேட்க நான் தயாராக இருக்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் கை பட்டது எதுவும் யாரையும் ஒன்றும் செய்ததில்லை என்று தினமும் ஒருமுறை உனக்கு நீயே சொல்லிக்கொள். வர முடிந்தால் வா. வர முடியாவிட்டால் ஃபோன் செய். அப்பாதான் எடுப்பார். இந்தக் கடிதத்தைப் பற்றி வாயைத் திறக்காதே, என்னோடு பேச வேண்டும் என்று மட்டும் கேள். நான் தூங்கிவிட்டேன் என்று அவர் சொன்னால் நம்பாதே. எழுப்பச் சொல், அக்கா. என் குரலைக் கேட்கும்வரை வைக்காதே.

உன் அன்புத் தங்கை,
பட்டன்