நுரையீரலில் தண்ணீர் என்று சொல்லி வைத்தோம்

எத்தனை திட்டினாலும் என் மனசு ஆறாத சேகர் அண்ணனுக்கு,

நீ போய் மூன்று வருஷமாகிவிட்டது. போன மாதம் உனக்குப் படையல் போட்டோம். கருவாட்டுக் குழம்பை உனக்குப் பிடித்த காரத்தோடு வைத்தேன். கடைசியில் ஒரு துளி காரம்கூடத் தொட முடியாமல் இருந்தாயே, அந்த ஆத்திரத்தில் இன்னும் இரண்டு மிளகாய் கூடவே போட்டேன்.

நாக்கிலும் தொண்டையிலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்து, கஞ்சி இறங்கவே கண் கலங்குவாய். உடம்புச் சூடு என்றாய். நாங்களும் நம்பி இளநீராக வாங்கிக் கொடுத்தோம். அதற்கு முன்னால் இடுப்பைச் சுற்றி அக்கி. காவி குழைத்து அக்கி எழுத அம்மா ஆள் தேடி அலைந்தார். பிறகு வயிற்றுப்போக்கு, பிறகு விடாத காய்ச்சல், இருமல். எண்ணெய் ஆட்டுகிற செம்பனைக் குலை ஏற்றி நீ ஓட்டுகிற லோரியில் தூசி, மில்லுக்குப் பக்கத்துக் கடைச் சாப்பாடு, மழை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தாய். எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான் என்று உனக்கு உள்ளுக்குள் தோன்றவே இல்லையா?

வண்டி ஓட்டக்கூடத் தெம்பில்லாமல் போனபோதுதான் என்னைக் கூப்பிட்டாய். செர்டாங்கில் இருக்கிறவன், பக்கத்து ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு அலோர் ஸ்டாருக்கு ஓட்டச் சொன்னாய். இரண்டு மணி நேரம். தெரிந்த முகம் எதுவும் பார்த்துவிடக் கூடாதாம்.

அங்கே அந்த டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார், நினைவிருக்கிறதா? எச்.ஐ.வி. கிருமி பல வருஷமாக உன் ரத்தத்தில் இருந்திருக்கலாம் என்றார். வெளியே ஒன்றும் தெரியாமல், நோயை எதிர்க்கிற வெள்ளை அணுக்களுக்குள்ளேயே புகுந்து பெருகி அவற்றை அழித்துக்கொண்டு வந்திருக்கிறது. காவல் குறைந்ததும், நல்ல உடம்பு அடக்கி வைக்கிற பூஞ்சையும் அக்கியும் காசநோயும் ஒவ்வொன்றாகத் தலை தூக்கின. அந்த நிலைக்குப் பேர்தான் எய்ட்ஸ். இன்னும் கைமீறிப் போகவில்லை, தினமும் மாத்திரை போட்டால் கிருமி அடங்கும், அணுக்கள் மறுபடி ஏறும் என்றும் சொன்னார்.

உனக்கு அது எப்படி வந்தது என்று நான் அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை. என் கோபம் அதில் இல்லை.

எட்டு மாதத்தில் உன் கன்னம் நிறைந்தது. பழையபடி லோரி ஏறினாய். அதோடு மாத்திரையை விட்டு விட்டுப் போட்டு, பிறகு நிறுத்தியே விட்டாய். கேட்டால், உடம்பு நல்லாத்தானே இருக்கு என்றாய். ஆஸ்பத்திரி தூரம், லீவு கிடைக்கவில்லை என்றாய். அண்ணே, அவ்வளவு தூரத்தைத் தேடிப் பிடித்தது யார்? உடம்பை நல்லபடியாக வைத்திருந்ததே அந்த மாத்திரைதான் என்பது உனக்கு எப்படிப் புரியாமல் போனது?

ஒரு வருஷம் கழித்து இடது கண் மங்கியபோது, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய். இன்னொரு கிருமி உன் விழித்திரையை அரித்திருந்தது. விட்டு விட்டுச் சாப்பிட்டதில் பழைய மாத்திரைக்கும் கிருமி அடங்காமல் போயிருந்தது. புது மாத்திரை வேலை செய்யத் தொடங்குமுன் நுரையீரல் தொற்று முந்திக்கொண்டது.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடுவேன். அண்ணியிடம் சொன்னாயா என்று கேட்டபோதெல்லாம் "அடுத்த வாரம் சொல்றேன்லா" என்றாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வார்டில் படுத்த பிறகுதான் சொன்னாய். அண்ணி உன் வாயைத் துடைத்துவிட்டு, கீழே போய்த் தானும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். அவருக்கும் இருந்தது. இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. ஆனால் இரண்டு நாளும் உனக்கு ஊட்டிவிட்டது அவர்தான்.

உன் சாவுக்கு வந்தவர்களிடம் நுரையீரலில் தண்ணீர் என்று சொல்லி வைத்தோம். நான்தான் முதலில் சொன்னேன்.

அண்ணி இப்போது நன்றாக இருக்கிறார். பள்ளிக் கேண்டினில் வேலை. மாத்திரையை ஒரு நாளும் விட்டதில்லை. ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது, அவரால் யாருக்கும் பரவாது என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் எப்படியோ விஷயம் காதில் விழுந்த சித்தி மட்டும், எந்த விசேஷத்திலும் அண்ணிக்குத் தனிக் காகிதக் கப்பில்தான் தேத்தண்ணி கொடுப்பார்.

படையலன்றும் அதே கப்பை நீட்டினார். யாரோ உன் படத்தைப் பார்த்து, நுரையீரலில் தண்ணி கோத்து நல்ல பிள்ளை போய்விட்டானே என்றார்கள். அண்ணி கப்பைக் கீழே வைத்தார்.

"தண்ணி இல்ல. அவருக்கு எய்ட்ஸ். மருந்த நிறுத்தினதால செத்தாரு. எனக்கும் அந்தக் கிருமி இருக்கு, மருந்து சாப்பிடுறேன், நல்லா இருக்கேன். ஒரே கப்புல குடிச்சா யாருக்கும் ஒட்டாது, சித்தி."

சித்தி எழுந்து உள்ளே போய்விட்டார். திரும்பி வரவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. நான் வெட்கத்தில் தலை குனிந்திருந்தேன். அண்ணியால் வந்த வெட்கம் இல்லை அது.

பாத்திரம் கழுவும்போது நம் சொந்தக்காரன் ஒருவன் பின்பக்கமாக வந்தான். பேரை எங்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான், மாறன் என்று வைத்துக்கொள். ஆள் பாதியாகியிருந்தான். எனக்கும் வாய்க்குள்ள வெள்ளையா இருக்கு அக்கா, எங்க போய்ப் பாக்கணும் என்று மெதுவாகக் கேட்டான். கையைத் துடைத்துக்கொண்டு மறுநாளே கூட்டிப் போனேன். பக்கத்து ஆஸ்பத்திரிக்கு. அவனுக்கும் இருந்தது. மருந்து தொடங்கிவிட்டான். வாய்ப்புண் ஆறி, போன ஞாயிறு அண்ணி அரைத்த மிளகாய்ச் சம்பல் வைத்துச் சோறு சாப்பிட்டான்.

இன்னும் கொஞ்ச நாளில் அவன் கன்னமும் நிறையும். அவனும் உடம்பு நல்லாத்தானே இருக்கு என்பான், தெரியும். வியாழக்கிழமை அவனுக்கு ஆஸ்பத்திரித் தேதி. அன்றைக்கும், அதற்கடுத்த ஒவ்வொரு தேதிக்கும் நானே ஓட்டிக்கொண்டு போவேன். வரமாட்டேன் என்றால் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன்.

உன்னை அப்படி இழுத்திருக்க வேண்டும், அண்ணே.

உன் கூடப் பிறந்தவள்,
மாலா