பிளக்கில் இல்லாத ஃபியூஸ்

ஜூன் 14, சனிக்கிழமை இரவு

கார் பேட்டரி மறுபடியும் இறங்கிவிட்டதால் மாலையில் சார்ஜரை மாட்டினேன். அதில் விளக்கே எரியவில்லை. கிளிப்புகளைத் தேய்த்துத் துடைத்தேன், வேறு சுவிட்சிலும் போட்டுப் பார்த்தேன். கடைசியில், உள்ளே இருக்கும் ஃபியூஸைப் பார்க்கப் பிளக்கைத் திறந்தேன். கான்வென்ட் பள்ளியிலேயே பிளக் மாட்டக் கற்றவளுக்கு அதற்கு ஆள் தேவையில்லை. ஃபியூஸ் எரிந்திருக்கவில்லை. ஃபியூஸே இல்லை.

போன ஞாயிறு வந்துபோனவன் என் மகன் ஜோசப் மட்டும்தான். ஜுரு ஊரில் இருக்கும் அவனைப் போனில் அழைத்தேன்.

"ஃபியூஸை நீயா எடுத்தே?"

"ஆமாம்மா."

"திருட்டு வேலை. கேட்டுட்டு எடுக்கத் தெரியாதா?"

"கேட்டா குடுப்பீங்களா? இனி ஓட்ட வேணாம்னு கார் சாவியைக் கேட்டதுக்கே மூஞ்சியைத் திருப்பிக்கிட்டீங்களே." பிறகு மெதுவாகச் சொன்னான்: "போன ஞாயிறு கார் ஓட்டினப்ப ரெட் லைட்டுல நீங்க நிக்கவே இல்லம்மா. பக்கத்துல நான்தானே உட்கார்ந்திருந்தேன்."

போனை வைத்துவிட்டேன். மேசை விளக்கின் பிளக்கிலிருந்து ஃபியூஸைக் கழற்றிச் சார்ஜருக்குப் போட்டேன். இப்போது வேலை செய்கிறது. விடிவதற்குள் பேட்டரி நிறைந்துவிடும். சர்ச்சில் காலைப் பூசைக்கு நானே ஓட்டிப் போகலாம்.

அன்று போன வழியை வீட்டு வாசலிலிருந்து மறுபடி மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். எந்தச் சந்தி என்றுகூட அவனிடம் கேட்கவில்லை. அந்தச் சிவப்பு விளக்கு எனக்கு நினைவிலேயே இல்லை.