நீங்கள் கட்டிக் கொடுத்த பாட்டரிகள்

நம் மகளின் அப்பாவுக்கு,

காவலில் குளிருமே என்று பஞ்சுச் சட்டையும் கடிதத்தோடு வக்கீலிடம் கொடுத்தனுப்புகிறேன். மகள் சாப்பிடுகிறாள்.

சார்ஜில் போட்டிருந்த நம் மின்சார சைக்கிள் எரிந்த படிக்கட்டுக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். அந்தப் புகையில் மூச்சடைத்துச் செத்துப்போன மாடி வீட்டு ஷுஃபென் அக்காவின் வீடு மட்டும் பூட்டிக் கிடக்கிறது.

பழைய மடிக்கணினி செல்களை ஒன்றோடொன்று இணைத்து இன்னும் யார் யாருக்குப் பாட்டரி கட்டிக் கொடுத்தீர்கள் என்று விசாரணையில் கேட்டும் நீங்கள் வாய் திறக்கவில்லையாம். சொன்னால் தண்டனை கூடும், தெரியும். அதனால் அவற்றைத் திரும்ப வாங்க நானே கிளம்பினேன்.

எனக்குத் தெரிந்தது, வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகும் பெங் தாவ் ஒருவன்தான்.

"வாங்க அண்ணி, சாப்டாச்சா?" என்றான். பாட்டரியைக் கழற்றித் தரச் சொன்னதும் சிரித்தான்.

"அண்ணன் கட்டினது குதிரை மாதிரி ஓடுது. சியாங் ஆத்துப் பாலத்து ஏத்தத்துலகூடத் திணறல. இதைக் குடுத்துட்டு நான் நடந்தா சோறு கொண்டுபோறது?"

"ஷுஃபென் அக்காவை நினைச்சுப் பாரு, தம்பி."

"அது அவங்க விதி, அண்ணி."

அவன் சைக்கிளில் இருந்த பாட்டரியைத் தொட்டுப் பார்த்தேன். எரிவதற்கு முன் நம்முடையது சுட்டதைப் போலவே ஒரு பக்கம் மட்டும் சுட்டது. அவன் என் கையை மெதுவாக விலக்கினான். பாட்டரியைத் தானே கழற்றி, குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்த கட்டிலுக்கு அடியில் தள்ளி, என் கண்ணெதிரிலேயே சார்ஜில் போட்டான்.

மற்றவர்கள் யார் என்று எனக்காவது சொல்லியனுப்புங்கள். அவர்களும் தரமாட்டார்கள். ஆனாலும் சொல்லுங்கள்.

உங்கள் மனைவி