டாங்கி மூடியில் ஒரு துளை

உங்களுக்கு,

பேர் எழுதவில்லை. நீங்கள் உயிரோடு இருந்த நாளிலேயே உங்கள் பேரை நான் வாயால் சொன்னது கிடையாது. இப்போது எழுதவும் கை வரவில்லை. நீங்கள் என்று எழுதினால் யாரைச் சொல்கிறேன் என்று நம் இருவருக்கும் தெரியும். அது போதும்.

இன்று சாயங்காலம் மதினி வீட்டில் சுவாமி விளக்கை ஏற்றினேன். நல்லெண்ணெய் தீர்ந்துபோய் விளக்கெண்ணெய் ஊற்றியிருந்தது. திரி நீண்டு, எண்ணெய் கருகிப் புகைந்தது. திரியை இழுத்து விடக்கூடத் தோன்றாமல் நின்றுவிட்டேன். பாளையங்கோட்டையில் உங்கள் அக்காள் வீட்டில் இருக்கிறேன் என்கிற நினைப்பே போய்விட்டது. சேரன்மாதேவி வீட்டு முற்றத்தில் நீங்கள் வண்டியை நிறுத்தி இறங்கும்போது வருகிற வாசனை அது. சீமையில் சண்டை மூண்டு, இயந்திர எண்ணெய் டின் வருவது நின்றுபோனபின், விளக்கெண்ணெயை வடிகட்டி ஊற்றி ஓட்டினீர்களே, அந்தப் புகை. தெருவே மூக்கைப் பொத்தும். எனக்கோ அந்த வாசனை வந்தால்தான் உலை வைக்கத் தோன்றும்.

கால்வாய் ஓவர்சியருக்கு மோட்டார் சைக்கிள் எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. கப்பலேறிப் போன வெள்ளைக்கார இஞ்சினீயர் ஒருவர் கழித்துவிட்டதை நீங்கள் வாங்கி வந்தீர்கள். மாட்டு வண்டியில் போனால் நீங்கள் போய்ச் சேருமுன் வாய்க்கால் தலைப்பில் வயல் உள்ள மேல்மடைக்காரர்கள் தங்கள் பங்குக்கு மேல் தண்ணீரைத் திருப்பிக்கொண்டு, மடைப் பலகையையும் ஒழுங்காக இறக்கிவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்பது உங்கள் குறை. வண்டி வந்தபின் வேறு கதை.

"சத்தம் ஒரு மைலுக்கு முன்னாலயே போயிருதுட்டி. கேட்டதும் பலகையை இறக்கிருதான். இனி நான் போக வேண்டாம், சத்தத்தை மட்டும் அனுப்பினாப் போதும்" என்றீர்கள்.

பூசைப் புத்தகத்தை வைத்து நானாக எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். இங்கிலீஷ் தெரியாது. வண்டியோடு வந்த புத்தகத்தை நீங்கள் வாசித்துத் தமிழில் சொல்வீர்கள். படத்தைப் பார்த்துக்கொண்டே நான் கேட்பேன். பெட்ரோலை அப்படியே ஊற்றக் கூடாது, மல் துணியை இரண்டாக மடித்து வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். டின்னின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீரும் துருவும் கிடக்கும், அந்தக் கடைசி அரைக்கால் படியை ஊற்றவே கூடாது. சக்கரத்தை இழுக்கிற தோல் வாரில் தூசி உட்கார்ந்தால் வழுக்கும், எண்ணெய் அதிகம் பூசினாலும் வழுக்கும். துடைத்துவிட்டு, உள்ளங்கையில் ஒட்டுகிற அளவு விளக்கெண்ணெய் தொட்டுத் தடவி, ஓர் இரவு ஊற விட வேண்டும். இதெல்லாம் எனக்குப் புதிதாகவே படவில்லை. சமையல்கட்டில் செய்கிற காரியந்தான், பாத்திரம்தான் வேறு.

விளக்கெண்ணெய் ஊற்ற ஆரம்பித்தபின் ஒரு தொல்லை சேர்ந்தது. வண்டி இரண்டு நாள் சும்மா நின்றால் உள்ளே எண்ணெய் பிசினாகி, தள்ளினால் அசையாது. அதற்காக, வந்து நின்றதும் சூடு ஆறுமுன் இயந்திரத்துக்குள் ஒரு கரண்டி மண்ணெண்ணெய் விட்டு வைப்பேன். காலையில் பைய அசைந்து கொடுக்கும். தினம் எவ்வளவு எண்ணெய், எவ்வளவு பெட்ரோல் என்று எழுதியும் வந்தேன். ஒரே வழி போய் வந்தும் பெட்ரோல் கூடக் குடித்திருந்தால் எங்கோ எதுவோ தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

வெளியூர் முகாமுக்குப் பின்னால் கட்டுகிற பையைக் கித்தானில் நானே தைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை. வார் அறுந்தால் கோக்கக் கொக்கி, துளை போட ஊசி, பழைய பட்டுத் துணியில் சுற்றி மாற்று பிளக். தண்ணீர் சொட்டினால் வாயுவாகி வண்டி விளக்கை எரிக்கிற கார்பைடு கல்லை, ஈரம் படாமல் இருக்க நெய் டின்னில் போட்டு, மூடி விளிம்பில் மெழுகு வைத்து அடைத்தேன். விளக்குக்கு வேண்டிய தண்ணீர் ஒரு குப்பியில். அதைக் குடிதண்ணீர் என்று முக்கூடல் பக்கம் ஒரு நாள் குடித்துவிட்டு, விளக்கில்லாமல் தடவித் தடவி வந்தீர்கள். மாற்று டியூப் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கச் சீமைச் சுண்ணாம்புத் தூள் தூவப் புத்தகத்தில் சொல்லியிருந்தது. அது கிடைக்காமல் நான் திருநீற்றைத் தூவிச் சுருட்டி வைத்தேன். அவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "ரப்பருக்குமா தீட்சை குடுத்துட்டே?"

நீங்கள் கோயிலுக்கு வருகிற ஆள் இல்லை. அது எனக்கு ஆறாத குறை. ஆனால் சில மைலுக்கு ஒருதரம் பெட்ரோல் டாங்கிப் பக்கத்துப் பம்பைக் கையால் அமுக்கி இயந்திரத்துக்கு எண்ணெய் விட வேண்டும். வாய்க்கால் நினைப்பில் அதை மறந்துவிடுவீர்கள். ஒருதரம் உள்ளே இறுகி வண்டி நின்றே போனது. நான்தான் சொன்னேன்: வழியில் எந்தக் கோபுரம் கண்ணில் பட்டாலும் ஒரு கும்பிடு, கும்பிட்ட கையோடு பம்பில் ஓர் அமுக்கு. நம் ஆற்றங்கரையில் கோபுரத்துக்கா பஞ்சம்?

"சாமி கும்பிடாதவனைக் கும்பிட வைக்க இப்படி ஒரு வழியா?" என்று சிரித்தீர்கள். ஆனால் செய்தீர்கள். கல்லிடைக்குறிச்சியில் யாரோ பார்த்துவிட்டு வந்து சொல்ல, "எங்க தம்பி திருந்திட்டான்" என்று மதினி தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தார்கள். நாம் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

ஆயுத பூசைக்கு வண்டியை அலம்பி, மாலை போட்டு, டாங்கி மூடியின் நடுவில் குளிரச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தேன். மறுநாள் கிளம்பினவர் வீரவநல்லூர் தாண்டுமுன் நின்றுவிட்டீர்கள். பிளக்கைக் கழற்றினீர்கள், வாரைக் கழற்றினீர்கள். டாங்கியைத் தட்டினால் பெட்ரோல் சத்தம் கேட்கிறது, அதனால் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. கடைசியில் வைக்கோல் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். முற்றத்தில் வைத்து நான் மூடியைத் திருகியதும், பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தம். தள்ளினால் வண்டி ஓடுகிறது.

அப்புறந்தான் விளங்கிற்று. மூடியின் நடுவில் ஊசிக் கண் அளவு ஒரு துளை. பெட்ரோல் இறங்க இறங்க அதன் வழியே காற்று உள்ளே போக வேண்டும். என் சந்தனம் காய்ந்து அதை அடைத்துவிட்டது.

"ஒன் சாமிக்கு நான் ஊர் சுத்துதது பிடிக்கலைட்டி" என்றீர்கள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்றிலிருந்து பொட்டை டாங்கியின் பக்கவாட்டில் வைப்பேன். தினமும் காலையில் துளையில் ஊசியை விட்டுப் பார்ப்பேன். நாம் அப்படிச் சிரித்தது அதுவே கடைசி என்று அன்று தெரியாது.

கார்த்திகையில் இருமல் வந்தது. மழைக்காலத்து இருமல் என்று இருந்தோம். மழை பாதியிலேயே நின்றது, இருமல் நிற்கவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, அது உயிர் பிடித்ததும் தாவி ஏற வேண்டும். பத்து எட்டுக்குள் மூச்சு வாங்கி நின்றுவிடுவீர்கள். காலையில் வீட்டுக்கு வருகிற ஆபீஸ் சேவகன் பார்த்தால் கச்சேரிக்குச் சேதி போகும், சுற்று வேலையைப் பிடுங்கி ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று அவன் வருமுன் கிளம்பினீர்கள். பின்னால் நின்று நான் தள்ளினேன். எதிர்வீட்டு அம்மாள் வாசல் தெளித்துக்கொண்டே பார்ப்பாள்.

"என்னத்தா, விடிஞ்சும் விடியாம புருசனை வீட்டை விட்டுத் தள்ளுதியா?"

"ஆமாக்கா, சாயங்காலம் தானா வந்துரும்" என்பேன். வண்டியைச் சொல்வதுபோல உங்களைச் சொல்வேன்.

தை பிறந்ததும் டாக்டரிடம் போனோம். உங்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார்: "நெஞ்சு அரிச்சுப் போயிருக்கு. தூசியே ஆகாது. இனி வண்டியில ஏறினா நான் சொல்லுததுக்கு ஒண்ணுமில்ல. நீங்கதான்மா நிறுத்தணும்."

எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்லவில்லை. எனக்கு அது தெரியும்.

அந்த வாரந்தான் வாய்க்காலின் கடைசியில் வயல் உள்ள கடைமடைக்காரர்கள் வந்தார்கள். பிசான நெற்பயிர் கதிர் வாங்குகிற சமயம். ஆற்றில் தண்ணீர் குறைந்துபோய், மேலே உள்ளவர்கள் முறை மாறித் திருப்பிக்கொண்டிருந்தார்கள். "நீங்க வந்து நின்னாத்தான்யா பலகையை எறக்குவான். வேற யாரு சொன்னாலும் கேக்க மாட்டான்" என்று வாசலில் நின்று சொன்னவர் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் காலை பூசைக்குச் சந்தனம் அரைத்தேன். சுவாமிக்கு இட்டது போகக் கையில் மிச்சம் இருந்தது. அதோடு வந்து வண்டியின் பக்கத்தில் நின்றேன். எத்தனை நேரம் நின்றேனோ. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு நீங்கள் வந்தீர்கள். என் விரலைப் பார்த்தீர்கள், மூடியைப் பார்த்தீர்கள்.

"அங்கன வைக்கப் போறியா?"

நான் விரலைப் பின்னுக்கு இழுத்தேன்.

"வச்சா வீரவநல்லூர் தாண்ட மாட்டேன். எனக்கும் தெரியும், ஒனக்கும் தெரியும்."

"டாக்டர் சொன்னாரு."

"சொல்லியிருப்பாரு." இருமி முடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்தீர்கள். "வைக்கணும்னா வையி. நான் துடைக்க மாட்டேன். ஏசவும் மாட்டேன். திரும்பிப் போய்ப் படுத்துக்கிடுதேன். நீ சொல்லு, போகவா, இருக்கவா?"

"போகாட்டா?"

"கடைமடை பூரா பதராப் போகும்."

"போனா?"

நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். "போனா, போயிட்டு வருவேன்" என்றீர்கள்.

பொய் சொல்லத் தெரியாத மனிதர் நீங்கள். அன்று சொன்னதை என்னவென்று சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நான் சந்தனத்தை முந்தானையில் துடைத்தேன். ஊசியை எடுத்துத் துளையில் விட்டுப் பார்த்தேன். அடைப்பில்லை. பையின் வாரை இறுக்கினேன், துண்டை மூக்குக்கு மேலே ஏற்றிக் கட்டினேன். பின்னால் போய்த் தள்ளினேன். அன்று வண்டி தள்ளின உடனே பிடித்துக்கொண்டது. அத்தனை நன்றாக வைத்திருந்தேன் அதை.

அந்த வாரம் பூரா போனீர்கள். பலகை இறங்கியது. கடைமடையில் பாதி வயல் பிழைத்தது, மீதி காய்ந்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன். மாசியில் இருமினால் ரத்தமாக வந்தது. பங்குனியில் போய்விட்டீர்கள். வண்டியை அம்பாசமுத்திரத்து வியாபாரி ஒருவர் கொண்டுபோனார். எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று கதவுக்குப் பின்னால் நின்று எல்லாம் சொன்னேன். எதையும் விடவில்லை.

மதினி என்னைத் தங்களோடு அழைத்து வந்தார்கள். குறை சொல்ல மாட்டேன், தாயாகப் பார்த்தார்கள். துட்டி கேட்டு ஆறுதல் சொல்ல வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பேச்சுத்தான்: "எங்க தம்பி பிடிவாதக்காரன். யாரு சொல்லையும் கேக்காமத் தன் தலையில தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டான். இவ வாயில்லாப் பூச்சி, இவ என்ன செய்வா பாவம்?" எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார்கள். ஒரு வருஷம் அந்த ஆறுதலைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தேன்.

போன வாரம் உங்கள் திதி. பிண்டம் கரைத்துவிட்டு எல்லாரும் ஆற்றிலிருந்து வந்தபின் இலை போட்டிருந்தது. உறவெல்லாம் உட்கார்ந்திருக்க, மதினி அதையே மறுபடி தொடங்கினார்கள். பரிமாறிக்கொண்டிருந்தவள் பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

"அவங்க கேட்டாங்க மதினி. நான் இருன்னு சொன்னா இருந்திருப்பாங்க. நிறுத்த எனக்கு வழியும் தெரியும். நான்தான் போகச் சொன்னேன்."

"என்னட்டி சொல்லுதே?"

"போகச் சொல்லித் தள்ளியும் விட்டேன்."

"அப்போ நீயா?" என்று மட்டும் மதினி கேட்டார்கள். நான் ஆமாம் என்றேன். அதற்குப்பின் மதினி என்னோடு பேசவில்லை. சோற்றைத் தட்டில் வைத்து நகர்த்திவிட்டுப் போகிறார்கள். இந்த வீட்டில் எத்தனை நாள் என்று தெரியவில்லை. காந்திமதி அம்மன் எங்கே கொண்டுபோய் விடுகிறாளோ, அங்கே.

செய்தது சரியா என்று அம்மன் முன்னால் நின்று பலதரம் கேட்டுவிட்டேன். இன்னும் கேட்கிறேன். இருந்தும் போன வாரத்துக்கு முந்தி இல்லாத ஒன்று இப்போது இருக்கிறது. இனி யாரும் உங்களைச் சொல் பேச்சுக் கேளாத மனுஷர் என்று என் காதுபடச் சொல்ல மாட்டார்கள். அந்தக் காலையில் நீங்கள் கேட்டீர்கள். பதில் சொன்னவள் நான். அதை வேறு யார் தலையிலும் இறக்கி வைக்க எனக்கு மனமில்லை.