பெட்டியில் ஒரு கொடி, படகில் ஒரு கொடி

ஆகஸ்ட் 6, புதன்

காற்று. ஆடி முடியப்போகிறது, காற்று முடிவதாக இல்லை. மாடியில் காயப்போட்ட இவருடைய பனியன் பக்கத்துத் தெரு வேப்பமரத்தில். நேற்றோடு மாதா கோயில் திருவிழா முடிந்தது. பீச் ரோடு முழுக்க அறுந்த தோரணம்.

இன்று:
1. பத்தாம் வகுப்பு வரலாற்றுத் தாள் திருத்தம். பாதி.
2. ரேஷன் கடை. போகவில்லை.
3. த.ஆ. அழைப்பு.

த.ஆ. என்றால் தலைமையாசிரியர். முழுசாக எழுதும் அளவுக்கு இன்று அவர் மேல் மரியாதை இல்லை.

பதினைந்தாம் தேதிக்கு மாடிப்படிக்குக் கீழே ‘வீரர் மூலை’ திறக்கிறாராம். ஜெரால்டின் படம், அவன் பதக்கம், அவன் சவப்பெட்டி மேல் போர்த்தி வந்த கொடி. கொடிக்குக் கண்ணாடிப் பெட்டி செய்யக் கொடுத்தாயிற்று. கொடியை மட்டும் அவன் அம்மாவிடம் வாங்க வேண்டும். “ஒங்க வீட்டுக்கு மீன் கொண்டுவாற அம்மாதான டீச்சர்? நீங்க கேட்டா தருவா. கொடி இருந்தாத்தான் எடுப்பா இருக்கும்.”

ஜெரால்டு என் மாணவன். பனி எல்லையில், குண்டு விழுந்து. மூன்று வருடம் ஆகிறது. பெட்டி வந்த அன்று திரேஸ்புரத்தில் ஒரு படகு போகவில்லை. ராணுவத்தார் கொடியை எடுத்து மடித்து அவன் அம்மா சேசம்மாள் கையில் கொடுத்தபோது, அவள் அதன் ஓரத்தைப் பிடித்துத் தையலைப் பார்த்தாள். எல்லோரும் அழுதார்கள், அவள் தையலைப் பார்த்தாள். ஏன் என்று அன்றைக்குப் புரியவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

சேசம்மாள் வந்தாள். சாளை, கொஞ்சம் ஊளி. சாளைதான் வாங்கினேன். இவருக்குக் கொலஸ்ட்ரால், ஆனால் சொன்னால் கேட்கிற ஆளா.

கேட்டேன். அவள் மீன் செதில் சீவுவதை நிறுத்தவில்லை.

“கொடியா? அது வீட்ல இல்லயே டீச்சர்.”

“பின்ன?”

“ரூபன் வள்ளத்துல கெடக்கு.”

ரூபன் அவளுடைய சின்ன மகன். நாட்டுப்படகு வைத்திருக்கிறான். ஜெரால்டு போன பிறகு இருக்கிற ஒரே பிள்ளை.

“சேசம்மா, அது சவப்பெட்டில போத்துன கொடில்லா?”

“ஆமா. எல்லா வள்ளத்துலயும் கைக்குட்டை மாரி ஒண்ணு கெட்டிருப்பானுவ. ரெண்டு மாசத்துல நைஞ்சு போவும். இது பெருசு. தையலும் நல்ல தையலு. நம்ம நாட்டு ஆளுன்னு தூரத்துலயே தெரியும். எல்லை லைன் எங்க இருக்குன்னு கடல்ல கோடா போட்டு வச்சிருக்கு?” கத்தியைக் கழுவினாள். “பெரியவன அது காப்பாத்தலியே டீச்சர். அவன் செத்த பெறகுல்லா வந்துச்சு. சின்னவனுக்காவது முன்னாலயே போவட்டும்.”

முதலில் வந்தது கோபம்தான், உள்ளதைச் சொன்னால். வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள் நான்: கொடி தரையில் படக்கூடாது, கிழிந்ததை ஏற்றக்கூடாது, எதையும் மூடக்கூடாது.

போகும்போது வாசலில் நின்று, “பெரிய சார்ட்ட சொல்லிப்போடாதிய. வந்து புடுங்கிட்டுப் போயிருவாவ. அவன் அது இல்லாம கடலுக்குப் போனா எனக்கு ஒறக்கம் வராது.”

இவரிடமும் சொல்லவில்லை. இவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மே மாதம் எல்லையில் சண்டை நடந்த நாட்களில் டிவி முன்னாலிருந்து எழவில்லை, சோறு அங்கேயே போயிற்று. “ஏளா, நாலு நாள்ல நிப்பாட்டிட்டானுவளே” என்று இன்னும் அங்கலாய்ப்பு. இவரிடம் சொன்னால் ரூபன் அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 9, சனி

திரேஸ்புரம் போனேன். மீன் வாங்கப் போகிற மாதிரி கூடையோடு. என்னத்துக்கு இந்த நாடகம் என்று எனக்கே சிரிப்பு.

ரூபனின் படகு கரையில். மூங்கில் கம்பில் அது.

காவி, சாயம் போய்ப் பழைய செங்கல் நிறம். வெள்ளையில் டீசல் கறை. பச்சை பாதி வெளிறல். நுனி முழுக்க நைந்து, வலை பின்னும் நைலான் நூலால் தைத்து, மறுபடி நைந்து, மறுபடி தைத்து. தையல் அவளுடையது. சண்டை போடத்தான் போனேன். அந்தத் தையலைப் பார்த்த பிறகு கூடையை மணலில் வைத்தேன்.

ரூபன் வலையில் உட்கார்ந்திருந்தான். “கழட்டிரவா டீச்சர்?” என்றான் மெதுவாக. “எனக்கு ஒண்ணுமில்ல. அம்மாதான் கேக்க மாட்டா. அப்பாவும் கடல்ல போனாருல்லா.”

அவன் அப்பாவின் உடல் கிடைக்கவில்லை. அவருக்குக் கொடியும் இல்லை, கல்லறையும் இல்லை. கடலில் போகிறவனுக்கு யாரும் எதையும் போர்த்துவதில்லை. இத்தனை வருடம் வரலாறு நடத்துகிறேன், இது இன்றுதான் உறைத்தது. வெட்கமாக இருக்கிறது.

பஸ்ஸில் வரும்போது பழைய ஞாபகம். ஒன்பதாம் வகுப்பைக் கயத்தாற்றுக்கு அழைத்துப் போனது. பாளையக்காரரை வெள்ளைக்காரன் தூக்கில் போட்ட இடத்தைக் காட்டி நான் குரல் தழுதழுக்கப் பேசினேன். நன்றாகவே பேசுவேன், அதில் எனக்குக் கர்வம் உண்டு. ஜெரால்டு கையைத் தூக்கினான்: “அவருக்குக் கொடி உண்டா டீச்சர்?” எனக்குத் தெரியாது. உண்டு என்றேன். திரும்பி வரும்போது நோட்டில் ஒரு கொடி வரைந்து காட்டினான், மீன் போட்டு. நல்லாயிருக்கு என்றேன். பன்னிரண்டு முடித்ததும், “பட்டாளத்துக்குப் போறேன் டீச்சர், ஒங்களாலதான்” என்றான். அப்போது சந்தோஷப்பட்டேன். இப்போது அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

முடிவு பண்ணிவிட்டேன். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கடையில் ஒரு பெரிய கொடி. கடைக்காரர் அண்ணாச்சி, “ஸ்கூலுக்கா? பாலியெஸ்டர்ல தரட்டா, காத்துக்கு நிக்கும்” என்றார். நிற்க வேண்டியதில்லை அண்ணாச்சி, படுத்துக் கிடந்தால் போதும். சொல்லவில்லை. பருத்தியே வாங்கினேன்.

மூன்று முறை துவைத்து வெயிலில் போட்டேன், புதுசு என்று தெரியாமலிருக்க. தேசியக் கொடியைத் திருட்டுத்தனத்துக்குத் துவைத்த முதல் வரலாற்று ஆசிரியை நானாகத்தான் இருக்கும்.

இவர் பார்த்துவிட்டார். மேடைக்கு என்றேன். உடனே உற்சாகம். “மடிக்கதுக்கு ஒரு முறை இருக்கு, சும்மா சேலை மாரி மடிக்காத.” போனில் வீடியோ போட்டு, முக்கோணமாக மடிக்கக் கற்றுக்கொடுத்தார். இருவரும் ஆளுக்கொரு நுனி பிடித்து, கூடத்தில். இவர் கண் கலங்கியது. பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

சேசம்மாளுக்குப் போன். சிரித்தாள். “பெட்டிக்குள்ள கெடக்கதுக்கு எது கெடந்தா என்ன டீச்சர்?”

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலை: குடிதண்ணீர் வரவில்லை. இட்லி மாவு புளிப்பு.

கொடியை த.ஆ.விடம் கொடுத்தேன். அவர் எழுந்தார். செருப்பைக் கழற்றினார். குழாயடிக்குப் போய்க் கை கழுவி, துடைத்து, இரண்டு கையாலும் வாங்கினார். “அவன் மேல கெடந்ததுல்லா” என்றார்.

ஆறாம் தேதி எழுதினதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. ஆனால் இன்றைக்கு மட்டும்: தலைமையாசிரியர்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஒத்திகை. ஆறாம் வகுப்புப் பெண்கள் பாரதமாதா வேடத்துக்குச் சண்டை. கிரீடம் ஒன்று, தலை நான்கு.

மதியம் அலுவலக அறையில் அழைப்பிதழ் பார்த்தேன். சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர். யார் என்று கேட்டேன். “அன்னைக்கு ஜெரால்டு பெட்டியோட வந்து, அந்தம்மா கையில கொடிய குடுத்தாருல்லா, அவரேதான். தேடிப் பிடிச்சேன்” என்று த.ஆ.வுக்கு ஒரே பெருமை.

தன் கையால் கொடுத்த கொடி அவருக்குத் தெரியாதா? சேசம்மாளைத்தான் பிடிப்பார்கள். தேசத்தை அவமதித்தாள் என்று டிவியில் வரும், இவரே உட்கார்ந்து பார்ப்பார். கொடியும் போகும்.

சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

காற்று பலம். மழை இல்லை.

சேசம்மாள் மாதா பூசை முடித்து நேராக வந்தாள். நீலச் சேலை, தலையில் முக்காடு. கொடியேற்றம் நல்லபடி. பூ மட்டும் காற்றில் மேடைக்குப் போகாமல் பக்கத்து லாரி ஷெட்டுக்குப் போயிற்று.

பிறகு வீரர் மூலை. துணியை விலக்கினார்கள். கண்ணாடிக்குள் முக்கோணமாக என் கொடி. பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். சுபேதார் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம். நிமிர்ந்து விறைப்பாக ஒரு சல்யூட்.

சேசம்மாள் போய்க் கண்ணாடியில் கை வைத்தாள். போனில் சிரித்தவள்தானே. உடம்பு குலுங்க அழுதாள், மூன்று வருடம் அழாததெல்லாம் சேர்த்து. நானும் அழுதேன். கடைக்காரர் பாலியெஸ்டரா பருத்தியா என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது, அப்படியும் அழுதேன். அங்கே உண்மை தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். அதிகம் அழுததும் நாங்கள்தான்.

டீ கொடுக்கும்போது சுபேதார் என் பக்கத்தில்.

“மடிச்சது நீங்களாம்மா?”

“ஆமா சார்.”

“நாங்க சக்கரம் மேல தெரியுற மாதிரி சதுரமா மடிப்போம். முக்கோணம் வெளிநாட்டுக்காரன் மடிக்கது.” டீயை ஒரு மிடறு குடித்தார். “நான் குடுத்த கொடி எங்க இருக்கு?”

பொய் வரவில்லை. “கடல்ல சார். அவ சின்ன மகன் படகுல.”

கப்பைக் கீழே வைத்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். “கிழிஞ்சு ஒண்ணுக்கும் ஆவாமப் போனா மரியாதையா எரிச்சிரச் சொல்லுங்க. குப்பையில போட்டுறக் கூடாது” என்றார். அவ்வளவுதான். த.ஆ. சால்வையோடு வந்தார், சுபேதார் அவர் பக்கம் திரும்பிவிட்டார்.

வாசலில் சேசம்மாளிடம் கேட்டேன், அது கடைக்கொடிதானே, ஏன் அப்படி அழுதாய் என்று. “தெரியல டீச்சர். அம்புட்டு பேரும் எந்திரிச்சு நின்னவொடன அவனே உள்ள கெடக்க மாரி இருந்துச்சு.”

ஆகஸ்ட் 16, சனி

விடுமுறை. துணி, இரண்டு வாளி. பெரியம்மா பேத்திக்கு மொய்க்கவர் மறக்கக்கூடாது. ஆத்தூர் வெற்றிலை, இவருக்கு.

காலையில் ரூபன் கடலுக்குப் போயிருக்கிறான். மத்தியானத்துக்கு மேல் காற்று இன்னும் கூடிற்று. சாயங்காலம் திரும்பியிருக்க வேண்டும். இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி முதல் நாள். ரூபன் படகு வரவில்லை. அவனோடு இன்னும் மூன்று பேர்.

திரேஸ்புரம் போனேன். சேசம்மாள் மணலில். ஜெபமாலை கையில், உருட்டவில்லை. “கொடி கெட்டித்தான் போனான் டீச்சர். நானே பாத்தேன், முடிச்சு நானே போட்டேன்.” இதையே வருகிற எல்லோரிடமும் சொல்கிறாள்.

வீட்டில் இவர் டிவியில் சேனல் மாற்றி மாற்றிப் பார்த்தார். முந்தாநாளைய அணிவகுப்பு, பேச்சு, பீரங்கி, விமானம். “ஒரு வள்ளத்தக் காணல, நாலு பேரக் காணல. ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கானே” என்று ரிமோட்டைப் போட்டார். துறைமுகத்தில் பழைய ஆட்கள் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டார். அவர் டிவியை அவராக அணைத்து நான் பார்த்ததில்லை.

எதையாவது கும்பிட வேண்டும்போல் இருந்தது. எதை என்றுதான் தெரியவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

வந்துவிட்டார்கள்! காலை எட்டரைக்கு. நாலு பேரும். இஞ்சின் பழுதாகி நீரோட்டம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது, வேறொரு படகு பார்த்துக் கயிறு கட்டி இழுத்து வந்தது.

பள்ளிக்கு அரை நாள் விடுப்பு எழுதிப் போட்டுவிட்டு ஓடினேன். சேசம்மாள் கூட்டத்தின் நடுவில், “கொடிதான் காட்டிக் குடுத்துச்சு, எங்க ஜெரால்டுதான் தம்பியக் கூட்டியாந்தான்” என்று. ரூபன் உதடு வெடித்து, கண் சிவந்து, என்னைப் பார்த்து மெல்ல: “கொடி கம்புல சுருண்டு கெடந்துச்சு டீச்சர். நாங்க லுங்கியத்தான் ஆட்டுனோம்.”

“வாய மூடுலே,” என்றாள் அவள்.

கொடி காற்றில் குறுக்கே கிழிந்துவிட்டது. இனித் தைக்க முடியாது. சுபேதார் சொன்னதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

“டீச்சர், அந்தக் கண்ணாடிப் பெட்டில இருக்கத எனக்குத் தாரியளா? ரூபன் வள்ளத்துக்கு.”

“அது கடையில வாங்குனதுளா. நானே புதுசு ஒண்ணு வாங்கித் தாரேன்.”

“புதுசு எனக்கு வேண்டாம். இதுக்குத்தான அம்புட்டு பிள்ளையளும் எந்திரிச்சு நின்னுச்சு? பட்டாளத்து ஐயா சல்யூட் அடிச்சாரு. நான் அழுதேன், நீங்க அழுதிய. இனி அது கடைக்கொடியா டீச்சர்?”

மதியம் பள்ளிக்குப் போனேன். இரண்டு பாடவேளை, ஆறு ‘பி’, ஒன்பது ‘ஏ’. மாடிப்படிக்குக் கீழே நாலைந்து பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார்கள்.

மூலைக்கு நான்தான் பொறுப்பு என்று த.ஆ. கொடுத்த பெட்டிச் சாவி என் கைப்பையில்.