இடத்தில் இல்லாத ஐம்பத்திரண்டு புத்தகங்கள்

என் பிரியமான ரஹீம் அண்ணே,

கல்லூரி ஆண்டுமலருக்கு உங்களைப் பற்றி நாலு வரி இரங்கல் எழுதித் தரச் சொன்னார்கள். அமைதியானவர், கடமை தவறாத நூலகர் என்று முடித்துவிட வேண்டுமாம். நீங்களா அமைதியானவர்? உதவி நூலகராக உங்கள் பக்கத்து மேஜையில் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாதா? அதனால் அந்த நாலு வரிக்குப் பதிலாக இந்தக் கடிதத்தைக் கொடுக்கப் போகிறேன். மலரில் போட மறுத்தால் நூலக வாசல் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவேன்.

முதலில் இங்கே நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் போன மறுமாதம், கார்த்திகை தீப விடுமுறையில், புத்தகச் சரிபார்ப்புக்கு மூன்று பேர் கொண்ட குழு போட்டார்கள். ஊர் முழுக்க பஸ்ஸும் ஜனமும். மலை மேல் தீபம் ஏற்றுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தில் இரண்டே நாளில் எண்ணி முடித்தார்கள். ஐம்பத்திரண்டு புத்தகங்கள் காணவில்லை என்று ஒரு பட்டியல் வந்தது. காரணம், காலஞ்சென்ற நூலகர் அலமாரிகளைத் திறந்து போட்ட அலட்சியம். ஆகவே எல்லா அலமாரிக்கும் மறுபடி பூட்டு. பொறுப்பு நூலகர் என்று நான் அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

நான் போடவில்லை.

அலட்சியம் என்ற அந்த ஒரு வார்த்தையைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டேன், அண்ணே. செத்துப்போனவர் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டார் என்கிற தைரியம்தானே?

பழைய ஜன்னலை இவர்கள் மறந்தே போனார்கள். எமர்ஜென்சி முடிந்த அடுத்த வருஷம் வரை மாணவர்கள் நூலகத்துக்குள் கால் வைக்க முடியாது. கம்பி வலை போட்ட ஒரு ஜன்னல். புத்தகத்தின் பெயரைச் சீட்டில் எழுதி நீட்ட வேண்டும். அட்டெண்டர் உள்ளே போய்ப் பூட்டைத் திறந்து தேடி, பெரும்பாலும் 'இல்லை' என்பார். ஒரு புத்தகம் குறைந்தாலும் நூலகர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். கொடுக்காமல் இருப்பதுதான் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது.

அடி அண்ணாமலையிலிருந்து வந்துகொண்டிருந்த அந்தப் பெண்ணை நினைவிருக்கிறதா? சீட்டை நீட்டிவிட்டுத் தலை குனிந்து நின்றாள். அட்டெண்டர் கெட்ட எண்ணம் இல்லாமல்தான் உள்ளேயிருந்து கத்தினார். "பொம்பளைங்க வியாதி புக்கு கேட்டது யாரும்மா?" பின்னால் வரிசையில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். அவள் கொடுத்த சீட்டைத் திரும்ப வாங்கக்கூட நிற்கவில்லை. அதற்குப் பிறகு நூலகத்துப் பக்கமே அவள் வரவில்லை.

மறுநாள் காலை நான் வரும்போது, ஸ்டூல் மேல் ஏறி அந்தக் கம்பி வலையின் ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தீர்கள்.

"அண்ணே, பிரின்சிபால் கேட்டா இன்னா சொல்றது?"

"துரு புடிச்சிடுச்சு, பசங்க கைய கிழிக்குதுன்னு சொல்லு. ஜாஸ்தி பேசாத, அந்தச் சுத்திய எடு."

அந்த மாதத்துக்குள் அலமாரிப் பூட்டுகள் அத்தனையும் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போயின. பசங்க உள்ளே வந்து கையால் தொட்டு, புரட்டி, தாங்களே எடுத்தார்கள். பாடம் முழுவதையும் நோட்ஸாகச் சொல்லி எழுத வைத்தே காலம் தள்ளிய சரித்திர லெக்சரர், புதன்கிழமை தோறும் வகுப்பையே நூலகத்துக்கு நடத்தி வந்து, "நீங்களே தேடிப் புடிச்சு எழுதுங்கடா" என்று சொல்ல ஆரம்பித்தார். ஆராய்ச்சி செய்த இயற்பியல் லெக்சரருக்காக மெட்ராஸுக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டு, தபாலில் புத்தகம் இரவல் வாங்கிக் கொடுத்தீர்கள். அதற்கு முன் அந்த மனிதர் ஒரு கட்டுரையைப் பார்க்க ஒரு நாள் லீவு போட்டு மெட்ராஸ் பஸ் ஏறிக்கொண்டிருந்தார். இதற்குப் பெயர் அலட்சியமா?

குழுவில் வந்தவர்கள் செய்த தப்பு என்ன தெரியுமா? பதிவேட்டு வரிசைப்படி அலமாரியைப் பார்த்திருக்கிறார்கள். அந்த எண் அந்த இடத்தில் இல்லாவிட்டால் 'காணவில்லை'. பூட்டிய அலமாரியில் புத்தகம் வைத்த இடத்திலேயே இருக்கும். ஆட்கள் புழங்குகிற நூலகத்தில் அது நகராதா? இடத்தில் இல்லாதது எல்லாம் தொலைந்ததாகிவிடுமா?

அதிலும் நம் பசங்களின் பழக்கம் உங்களுக்கும் எனக்கும் தெரியும். பரீட்சை நெருங்கினால் வேண்டிய புத்தகத்தை வேறு யாருக்கும் கிடைக்காத இடத்தில் சொருகிவிடுவார்கள். வேதியியல் கூட்டம் பழைய கெஜட்டியர்களுக்குப் பின்னால். பொருளாதாரக் கூட்டம் பைண்டு செய்த விவசாயப் பத்திரிகைகளுக்குப் பின்னால், யாரும் அங்கே கை வைக்க மாட்டார்கள் என்று. நான் திட்டப் போனால் நீங்கள் தடுப்பீர்கள். "ஒளிச்சு வைக்கிற புக்குதாம்மா அவனுக்கு வேணுங்கிற புக்கு. அதுல இன்னொரு காப்பி ஆர்டர் போடு." நாம் எந்தப் புத்தகத்தை வாங்க வேண்டும் என்று எந்தக் கமிட்டியும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

விடுமுறை முடிந்த அன்று மூன்றாம் வருஷத்துப் பசங்களைக் கூப்பிட்டேன். "உங்க எடமெல்லாம் எனக்குத் தெரியும். நீங்களே எடுத்துக் குடுத்துட்டா நல்லது" என்றேன். ஒருவன் சிரித்துக்கொண்டே, "மேடம், தெரியுமா? தெரிஞ்சுமா வுட்டு வச்சீங்க?" என்றான். "ரஹீம் சார் வுட்டு வச்சாரு" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. அன்று மாலைக்குள் நாற்பது புத்தகங்கள் என் மேஜைக்கு வந்தன.

மறுநாள் பிரின்சிபால் அறைக்குப் போனேன். நாற்பதோடு வேறு மூன்று புத்தகங்களையும் எடுத்துக்கொண்டேன். பூட்டைத் திறந்த முதல் நாள் உள்ளே கிடைத்து, தூக்கிப் போடாமல் நீங்கள் பத்திரமாக வைத்திருந்த அந்த மூன்று. கூடவே பழைய சரிபார்ப்புப் பதிவேடு. வருஷா வருஷம் அவற்றுக்கு நேராக 'சரி' என்று சிவப்பு மை டிக்.

"தெறந்து பாருங்க சார்" என்றேன்.

திறந்தார். முதுகு அட்டை மட்டும்தான் இருந்தது, உள்ளே எல்லாம் கரையான். மேஜைக் கண்ணாடி மேல் மண்ணாகக் கொட்டியது.

"இதெல்லாம் தொலையாத புக்கு சார். பூட்டி வச்சது. நம்ம ரெக்கார்டுல இன்னைக்கும் சரியா இருக்குது."

அவர் கைக்குட்டையால் மேஜையைத் துடைத்தார். "இன்னும் பன்னெண்டு கம்மியா இருக்கேம்மா" என்றார்.

"ஆமா சார், கம்மிதான். பூட்டறதா இருந்தா அந்த லைப்ரரியன் நாற்காலிக்கு வேற ஆளப் பாருங்க."

எப்படி அவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியவில்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். புதுப் பூட்டுகள் வாங்கியாகிவிட்டன, அண்ணே. அவர் அறையில் பெட்டியோடு இருக்கின்றன. "பாக்கலாம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

இனி எழுதப் போவதை உங்கள் வீட்டில் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். போன வாரம் ஜைனப் அண்ணி ஒரு துணிப்பையோடு வந்தார்கள். "உங்க சீல் போட்டிருக்குது, பாரும்மா. தலவாணி ஒறைக்குள்ள வச்சிருந்தாரு" என்றார்கள். பட்டியலில் இருந்த பன்னிரண்டில் ஒன்று. இதய நோய் பற்றிய புத்தகம். இடது கை வலியைப் பற்றிய பக்கத்தில் ஓரம் மடித்திருந்தது.

சுளுக்கு என்றுதானே என்னிடம் சொன்னீர்கள்? புத்தகக் கட்டுத் தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்று சொல்லி, என்னிடமே தைலம் வாங்கித் தேய்த்துக்கொண்டீர்களே! எடுக்கிறவர் பெயரை அட்டையில் எழுதாமல் ஒரு புத்தகமும் வெளியே போகக்கூடாது என்று பிரின்சிபாலையே நிறுத்தி எழுத வைத்த மனுஷன், உங்கள் பெயரை எழுதவில்லை. எழுதியிருந்தால், அட்டைகளைத் தினமும் அடுக்குகிற நான் பார்த்திருப்பேன். அன்றைக்கே வேலூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறாது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்லாமல் ஒரு புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டிய நாள் எல்லோருக்கும் வருகிறது. அந்தப் பெண்ணுக்கு வந்தது. உங்களுக்கும் வந்தது. நீங்கள் உள்ளே இருந்தீர்கள், எடுத்துக்கொண்டீர்கள். அவள் ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.

அந்தப் புத்தகத்துக்கு 'திரும்ப வந்தது' என்று முத்திரை போட்டு, மருத்துவ அலமாரியில் அதன் இடத்திலேயே வைத்தேன். நேற்று ஒரு மாணவி அங்கே வெகுநேரம் நின்றாள். பிறகு அதைக் கொண்டு வந்து, முன்அட்டை தெரியாமல் கவிழ்த்து என் மேஜையில் வைத்தாள். நானும் நிமிர்த்தவில்லை. கவிழ்த்தபடியே பின்பக்கம் தேதி முத்திரை குத்திக் கொடுத்தேன். எதற்கு, யாருக்கு என்று கேட்கவில்லை.

அந்தப் பூட்டுகள் எப்போது வேண்டுமானாலும் வரட்டும். என் கையால் ஒன்றையும் மாட்ட மாட்டேன், கேள்வி கேட்டு ஒருவரையும் திருப்பி அனுப்ப மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

சுத்தியலை எடுத்துக் கொடுத்த,
உங்கள் தங்கச்சி
மல்லிகா