போனஸில் ஓர் எழுத்து போனால்

அன்புள்ள குட்டிச்சுவரே,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், பள்ளியின் ஆங்கில எழுத்துக்கூட்டல் போட்டியில் எனக்கே முதல் பரிசு. கடைசியாக வந்த சொல் ‘ஓனஸ்’. நாலே எழுத்து: ஓ, என், யூ, எஸ். லத்தீனில் அதற்குச் சுமை என்று பொருளாம். ஆங்கிலத்தில் ஒருவன் தலையில் வந்து விழும் பொறுப்பு. போனஸில் முதல் எழுத்து போனால் ஓனஸ்.

வகுப்பில் உன் இடத்தில் என் பையை உட்கார வைத்திருக்கிறேன். உன்னைவிட ஒழுங்காகப் பாடம் கவனிக்கிறது. என் ஜோக்குக்குத்தான் சிரிக்க மாட்டேன் என்கிறது.

சரி, புளுகு போதும். பரிசெல்லாம் இல்லை. நான் ‘பி’ என்று ஆரம்பித்துவிட்டேன்.

“பொறுப்பக் குடுத்தா போனஸ் கேக்குறியே தம்பி” என்றார் தலைமையாசிரியர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் உன் ஞாபகம் வந்தது. அன்று பள்ளி மணியை ஒரு மணி நேரம் முன்னாலேயே அடித்தவன் நான். சுத்தியலை உன் கையில் திணித்துவிட்டு ஓடியவனும் நான். நீ வாயே திறக்கவில்லை, உன்னை வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவர் அறை வாசல்வரை மூன்று முறை போய், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டிய பிறகுதான் தபாலில் போடுவேன். உன் கைக்கு வந்திருந்தால், சொல்லிவிட்டேன் என்று அர்த்தம்.

இப்படிக்கு,
மணி அடித்தவன்